குரல் கேட்டதும் குலையும் சமத்துவம்

40 பேர் கூடுகின்றனர். ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதில்லை. ஊர் வேறு, தொழில் வேறு, வயது வேறு. இரவுப் பணி முடித்து வந்தவர் ஒருவர். மறுநாள் தேர்வை மறந்து வந்த மாணவர் ஒருவர். மகவை உறங்க வைத்துவிட்டு வந்து அமர்ந்த தாய் ஒருத்தி. கணினித் திரையிலோ அவர்கள் வாளேந்திய வீரர், வில்லேந்திய வேட்டுவர், மாயம் புரிவோர், காயம் ஆற்றுவோர்! எதிரே மலையென நிற்கிறது நெருப்புமிழும் நாகம். ஒருவர் ஓரடி தவறி வைத்தால் நாற்பதின்மரும் மடிவர். மடிந்தோர் எழுந்து மறுபடியும் போர் தொடுப்பர். 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டில், தொடக்க ஆண்டுகளில், பெரும்போர்கள் இவ்விதமே நடந்தன. பின்னர் 25 பேர், 20 பேர் எனப் படையின் அளவு சுருங்கிற்று, முறை மாறவில்லை.

இந்தக் களத்திலே தோள்வலிக்கு வேலை உண்டோ? முறுக்கிய மீசைக்கு மதிப்பு உண்டோ? இல்லை! விரல் நுனியின் விரைவும் விழியின் கூர்மையும் போதும். பதறாத உள்ளம் வேண்டும். பலரை ஒருசேர நடத்தும் அறிவு வேண்டும்.

பெண்ணுக்குத் தலைமை ஆகாது என்போர் நெடுங்காலமாக அடுக்கிவந்த காரணங்களை நாம் அறிவோம். உடலிலே வலுவில்லை என்றனர். இரவிலே வெளியே வர இயலாது என்றனர். பிள்ளையையும் அடுப்பையும் விட்டு அகல முடியாது என்றனர். இங்கே உடல் தேவையில்லை, இரவு இடையூறில்லை, வீட்டைவிட்டு ஓரடிகூட அகல வேண்டியதில்லை. சொன்ன காரணங்கள் அத்தனையும் கழன்று விழுந்துவிட்ட களம் இது! விழுந்த பிறகும் தடை நிற்கிறது என்றால், அவை காரணங்களே அல்ல, வெறும் சாக்குகள் என்பது விளங்கவில்லையா? இந்தக் கேள்வியோடுதான் ஒரு நாடகத்தையும், அதை ஒட்டி எழும் ஒரு கொள்கையையும் ஆராயப் புகுகின்றோம்.

முதலில், களத்தின் அமைப்பைச் சிறிது காண்போம். இத்தகைய போருக்குப் புறப்படுவோர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் சங்கத்துக்கு 'கில்டு' என்று பெயர். அதற்குப் பெயருண்டு, சின்னமுண்டு, பொதுக் கருவூலமுண்டு, படிநிலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தலைவர் உண்டு. தலைவரின் வேலை என்ன? போரிலே ஆணையிடுவது மட்டும்தானா? எந்த நாளில், எந்த நேரத்தில் கூடுவது என்று குறிக்க வேண்டும். யார் வருவார், யார் வரமாட்டார் என்று கணக்கெடுக்க வேண்டும். வென்ற பொருளை எவருக்கு அளிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கிடைக்காதவர் முகம் சுளிக்காதிருக்கப் பேச வேண்டும். புதிதாய் வந்தவனுக்குக் கற்றுத்தர வேண்டும். ஒன்பது முறை தோற்ற படையைப் பத்தாம் முறை எழுப்ப வேண்டும். ஊதியம் கிடையாது; ஓய்வும் கிடையாது. எந்நொடியிலும் எவரும் விலகிப் போகலாம். தடுத்து நிறுத்தச் சட்டமும் இல்லை, சங்கிலியும் இல்லை. நயத்தால் மட்டுமே நடத்தக்கூடிய நாடு!

வாணிக உலகின் அறிஞர்கள் இதைக் கண்டு வியந்தனர். 2008 மே மாதத்தில் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' ஏட்டிலே பைரன் ரீவ்ஸ், தாமஸ் மலோன், டோனி ஓ'டிரிஸ்கால் ஆகிய மூவரும், இணைய ஆட்டங்கள் தலைமைப் பண்பின் ஆய்வுக்கூடங்கள் என்று எழுதினர். அங்கே தலைமை ஒருவரிடமே நிலைத்திருப்பதில்லை. பணிக்கு ஏற்பக் கைமாறுகிறது. ஆளைத் தேடுவதுபோலவே, தலைமை தழைக்கும் சூழலை அமைப்பதும் இன்றியமையாதது என்பது அவர்கள் முடிபு. நல்ல முடிபுதான். ஆயின், சூழல் என்கிறார்களே, அந்தச் சூழல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா? பெண் பேசும்போது வீசும் காற்றும் ஆண் பேசும்போது வீசும் காற்றும் ஒரே காற்றுதானா?

இதற்கு விடை தேடும்போது 'தி கில்டு' என்னும் இணைய நாடகம் நம் கண்முன் வருகிறது. 2007 முதல் 2013 வரை ஆறு பருவங்களாக வெளிவந்தது அது. எழுதியவர் ஃபெலிசியா டே. தலைமை வேடம் பூண்டவரும் அவரே. இத்தகைய ஆட்டத்திலே மூழ்கி எழுந்தவர் அவர். ஆகவே கரையில் நின்று கேலி செய்பவரின் குரல் அதிலே இல்லை. தொடக்கத்தில் பெரிய நிறுவனம் எதுவும் துணைக்கு வரவில்லை. பார்த்தவர்கள் அனுப்பிய நன்கொடையே முதற்பருவத்தை முடிக்க உதவிற்று.

கதையின் நாயகி சிட் ஷெர்மன், வயலின் கலைஞர், வேலை இழந்தவள், அறையைவிட்டு வெளியே வர அஞ்சுபவள். ஆட்டத்தில் அவள் பெயர் கோடெக்ஸ். காயம் ஆற்றும் பூசாரிணி. அறுவர் கொண்ட அவளது குழுவுக்குத் தலைவன் வோர்க். விதிமுறைகளை ஓதுவதிலே வல்லவன், சிக்கனத்திலே சிகரம். மூன்று பிள்ளைகளின் தாயாகிய கிளாரா ஒருத்தி. தன் உண்மைப் பெயரைக் கூட்டாளிகளிடமே மறைத்து வைக்கும் டிங்கர்பல்லா இன்னொருத்தி. பள்ளி மாணவன் பிளேட்ஸ், கோடெக்ஸின் வீட்டு வாயிலிலே வந்து நிற்கும் ஜாபூ ஆகியோர் மற்றவர்.

2009-ல் வெளியான மூன்றாம் பருவத்திலேதான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. ஆட்டத்தின் புதிய பகுதியை வாங்கக் கடை வாயிலில் வரிசையில் நிற்கின்றனர். எதிரிக் குழுவொன்று வரிசையிலே முந்துகிறது, பூசல் எழுகிறது, வோர்க் தலைமையைத் துறக்கிறான். பொறுப்பு கோடெக்ஸின் தலையிலே விழுகிறது. விரும்பிப் பெற்றதன்று, வேறு ஆளின்றி வந்தது! டிங்கர்பல்லா எதிரிக் குழுவில் சேர்ந்துவிடுகிறாள். குழுவிலே ஓரிடம் காலி. தயங்கித் தயங்கி, குழம்பிக் குழம்பி, கோடெக்ஸ் குழுவை நடத்துகிறாள். இறுதிப் போரிலே எதிரிகள் வீழ்கின்றனர்.

இந்த நாடகத்திலே நாம் பாராட்டும் உண்மை ஒன்று உண்டு. காயம் ஆற்றுபவள் அல்லவா அத்தனை பேரையும் உயிரோடு வைத்திருந்தவள்? எவன் உயிர் எந்த நொடியில் தளர்கிறது, எவனைக் காத்தால் படை நிற்கும் என்று களம் முழுவதையும் கவனித்தவள் அல்லவா? முன்னின்று வாள் வீசுபவன் தன் எதிரே இருப்பதைக் காண்கிறான். காயம் ஆற்றுபவளோ எல்லோரையும் காண்கிறாள். அப்படிப்பட்டவளைத் தலைமைக்கு உரியவள் என்று நினைக்கவே, ஆணின் நாற்காலி காலியாக வேண்டியிருந்தது! இதைக் கதையாக்கிய எழுத்தாளர் உண்மையைத் தொட்டிருக்கிறார்.

தொட்டவர் துணிந்து பற்றினாரா? இல்லை என்பதே நம் குறை. கோடெக்ஸின் தயக்கம் நாடகத்திலே நகைச்சுவையாகிறது. அவள் நாத்தடுமாற்றம் அவளுடைய தனி இயல்பு, மனநோய், கூச்சம் என்று காட்டப்படுகிறது. வோர்க்கின் பிடிவாதத்தைப் பார்த்து 'வோர்க் ஒரு விசித்திரப் பிறவி' என்று சிரிக்கிறோம். அவன் தலைமைக்குத் தகுந்தவனா என்று ஐயுறுவதில்லை. கோடெக்ஸ் தடுமாறும்போதோ, 'இவளால் ஆகுமா?' என்ற கேள்வியே முன் நிற்கிறது. அவள் எங்கே கற்றாள் அந்தத் தயக்கத்தை? பேசிய பெண்களுக்கு இத்தகைய அரங்குகளில் என்ன கிடைத்தது என்பதைப் பார்த்தல்லவா! அதை நாடகம் கேட்கவில்லை. டிங்கர்பல்லா தன் பெயரை மறைப்பதும் வேடிக்கையாகவே கழிகிறது. அந்த வேடிக்கைக்குப் பின்னே எத்தனை எச்சரிக்கை, எத்தனை அச்சம்!

நாடகத்தை ஒட்டி உலவும் கொள்கை ஒன்றும் உண்டு. 'ஆண் ஆணையிட்டு நடத்துவான். பெண் அணைத்து நடத்துவாள். அது அவன் பாணி; இது இவள் பாணி. இரண்டும் இயற்கை' என்பார்கள். கேட்பதற்கு இனிமை! பெண்ணைப் புகழ்வதுபோலவும் இருக்கிறது. ஆயின் இந்தப் புகழுரை ஒரு பூட்டு.

தலைமைப் பாணிகள் என்ற பாகுபாடு எங்கே பிறந்தது என்று பார்ப்போம். கர்ட் லெவின், ரொனால்டு லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோர் அமெரிக்காவின் அயோவாவில் நடத்தி, 1939-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக அமைத்து, முகமூடி செய்வது, சோப்பிலே உருவம் செதுக்குவது போன்ற வேலைகளைத் தந்தனர். ஆணையிடும் தலைவர், கலந்து பேசும் தலைவர், தலையிடாத தலைவர் என மூவகைத் தலைமையை ஆராய்ந்தனர். ஆணையிடுபவர் அறையைவிட்டு அகன்றதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசுபவர் அகன்ற பின்னும் வேலை நடந்தது. இதிலே நாம் அடிக்கோடிட வேண்டியவை இரண்டு. அந்தக் குழுக்களில் இருந்தோர் யாவரும் சிறுவர். சிறுமி ஒருத்திகூட இல்லை. மேலும், ஒரே ஆள் ஒரு குழுவிலே ஆணையிடுபவராகவும், வேறொரு குழுவிலே கலந்து பேசுபவராகவும் மாறி நின்றார்! கலந்து பேசும் தலைமை பெண்ணின் குருதியிலே ஊறியது என்றால், சிறுவர்களிடையே அது செழித்தது எப்படி? ஓர் ஆளே இரண்டையும் செய்து காட்டியது எப்படி?

'இருப்பினும் பெண் தலைவர்கள் கலந்து பேசி நடத்துவதையே மிகுதியும் காண்கிறோமே' என்பர். உண்மை. ஆலிஸ் ஈக்லியும் பிளேர் ஜான்சனும் 160-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 1990-ல் அதைத்தான் கூறினர். ஆனால், அதே ஈக்லி இரு துணைவருடன் 1992-ல் வெளியிட்ட மற்றொரு தொகுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே விதமாகத் தலைமை தாங்கியபோது மதிப்பீடு எப்படி இருந்தது என்று பார்த்தனர். பொதுவில் வேறுபாடு சிறிது. எங்கே அது பெருகிற்று? பெண் ஆணையிடும் முறையிலே நடத்தியபோது! ஆண்களே நிறைந்த துறையிலே அவள் தலைமை ஏற்றபோது! மதிப்பிட்டவர் ஆண்களாக இருந்தபோது!

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம் பழமொழி. 'இடப்பக்கம் ஓடு! இப்போதே!' என்று ஆண் தலைவன் கத்தினால், உறுதி என்கிறார்கள். அதே சொல்லை, அதே நொடியில், அதே உரப்பில் பெண் சொன்னால், அதிகாரம் என்கிறார்கள், அடங்காப்பிடாரி என்கிறார்கள். இந்தத் தண்டம் கட்டிக் கட்டிச் சலித்தவள் என்ன செய்வாள்? 'இடப்பக்கம் ஓடினால் நலமாயிருக்குமே, என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்கக் கற்றுக்கொள்கிறாள். அவள் கற்றுக்கொண்டதும், 'பார்த்தீரா, பெண்ணின் மென்மை இயற்கை!' என்கிறார்கள். சுங்கம் வசூலித்துவிட்டு, அதைச் சீதனம் என்று எழுதிவைக்கும் கணக்கன் போன்றவர்கள் இவர்கள்!

வேடத்தோடு இயல்பும் மாறும் என்பதற்கு இந்த ஆட்டக் களத்திலேயே சான்று உண்டு. காயம் ஆற்றும் பணி பெண்களுக்கே உவப்பானது என்பது ஆடுவோரிடையே நிலவும் நம்பிக்கை. நிக் யீயும் அவருடைய துணைவர்களும் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுவோரின் செயல்களை ஆறு திங்கள் பதிந்து ஆராய்ந்து, 2011-ல் வெளியிட்டனர். அவர்கள் கண்டது என்ன? பெண் உருவம் பூண்டு ஆடும்போது ஆண்கள் மிகுதியாகக் காயம் ஆற்றினர்; ஆண் உருவம் பூண்டபோது பெண்கள் குறைவாக ஆற்றினர். உருவத்தை மாட்டியதும் ஒட்டிக்கொள்ளும்; கழற்றியதும் கழன்றுவிடும். இதற்குப் பெயர் இயற்கையா, உடையா?

திறமையிலே குறைவோ என்று ஐயுறுவோருக்கும் விடை இருக்கிறது. 'எவர்குவெஸ்ட் 2' என்ற ஆட்டத்திலும், சீனாவின் 'செவாலியர்ஸ் ரொமான்ஸ் 3' என்ற ஆட்டத்திலும் பதிவான செயல்களை ஆராய்ந்து 2016-ல் வெளிவந்த கட்டுரை, பெண்கள் ஆண்களுக்கு எவ்வகையிலும் குறையாத விரைவிலே முன்னேறுகின்றனர் என்று காட்டிற்று. எவர்குவெஸ்ட் 2 பற்றி 2009-ல் வெளிவந்த வேறோர் ஆய்விலே, பெண்கள் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதல் நேரம் ஆடியதும், கேட்டபோது அந்த நேரத்தை ஆண்களைவிட மிகுதியாகக் குறைத்துச் சொன்னதும் தெரியவந்தன. ஆடியதைக்கூட அடக்கிச் சொல்லும் பழக்கம்! இந்த உலகிலே தமக்கு முழு உரிமை இல்லை என்று எண்ணுவோர் அல்லவா இப்படிக் குறைத்துச் சொல்வர்?

சரி, இனிக் குரலுக்கு வருவோம். தலைமையின் ஆயுதம் குரல். போரின் நடுவே எழுத்தடித்துக் கொண்டிருக்க நேரமில்லை. நொடிக்குள் சொல்லியாக வேண்டும். ஆகவே ஒலிவாங்கியை அணிந்து பேசுகின்றனர். முகமூடி இங்கேதான் கிழிகிறது! ஜெஃப்ரி குஸ்னெகோஃபும் லிண்ட்சி ரோஸும் 'ஹேலோ 3' என்ற ஆட்டத்திலே ஒரு சோதனை செய்தனர். ஒரு கணக்கிலே ஆண் குரல், ஒன்றிலே பெண் குரல், ஒன்றிலே குரலே இல்லை. முன்னரே பதிந்து வைத்த, ஊறு இல்லாத எளிய சொற்கள்தாம். ஆண் குரலுக்கோ, குரல் இன்மைக்கோ கிடைத்ததைப் போல் மூன்று மடங்கு இழிமொழி பெண் குரலுக்குக் கிடைத்தது. 2013-ல் வெளியான முடிவு இது. அவள் தோற்கவில்லை, தவறு செய்யவில்லை, ஆணைகூட இடவில்லை. பேசினாள், அவ்வளவுதான் குற்றம்!

இழித்தவர் யார்? மாவீரர்களா? மைக்கேல் கசுமோவிச்சும் குஸ்னெகோஃபும் அதே பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் கூறினர்: ஆட்டத்திலே திறம் குறைந்த ஆண்களே பெண் குரல்மீது மிகுதியாகச் சீறினர், திறம் மிக்கவர் அவ்வாறு சீறவில்லை. ஏணியின் மேற்படியிலே நிற்பவனுக்கு அச்சமில்லை. கீழ்ப்படியிலே நிற்பவனோ, தனக்கும் கீழே ஒருத்தி இருப்பதாக எண்ணி ஆறுதல் கொண்டிருந்தான். அவள் மேலே ஏறுவதைக் கண்டதும் அந்த ஆறுதல் பறிபோகிறது, ஆத்திரம் பிறக்கிறது. ஆதிக்கம் என்பது வலியவனின் பெருமிதம் மட்டுமன்று. எளியவனுக்கு எறியப்பட்ட எலும்புத் துண்டும்கூட. அந்தத் துண்டைக் காக்கத்தான் அவன் அத்தனை உரக்கக் குரைக்கிறான்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். பேசினால் இழிவு, ஆகவே பேசாதிருக்கிறாள். பேசாதவள் ஆணையிட இயலாது; ஆகவே தலைமை ஏற்பதில்லை. நாள் குறிப்பதும், கணக்கு வைப்பதும், கோபித்துப் போனவனைத் திரும்ப அழைப்பதும், புதியவனுக்குக் கற்பிப்பதும் ஆகிய எழுத்தால் முடியும் வேலைகளைத் துணை அலுவலராயிருந்து செய்கிறாள். குழு வாழ்வது அந்த வேலையால். கொடி பறப்பதோ வேறொருவன் பெயரால். பிறகு கேட்கிறார்கள்: 'பெண்கள் ஏன் முன்வருவதில்லை?' என்று. கதவை அடைத்துவிட்டு, உள்ளே வராதது ஏன் என்று கேட்கும் விந்தை இது!

'குரலை மறைத்து ஆடலாமே, பெயரை மறைக்கலாமே, தொல்லை இல்லையே' என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. மறைவு சில வேளை காவல் என்பதை நாம் மறுக்கவில்லை. 2010 ஜூலையில், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டை நடத்தும் பிளிஸார்டு நிறுவனம், தன் கருத்து மன்றங்களிலே எழுதுவோர் யாவரும் உண்மைப் பெயரோடுதான் எழுத வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கொந்தளித்தது. பெயர் வெளிப்பட்டால் தம்மைத் தேடி வந்து தொல்லை தருவர் என்று பெண்கள் பலர் எடுத்துரைத்தனர். சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கிற்று. பின்வாங்கியது சரியே. ஆனால், மறைந்திருப்பதே காவல் என்ற நிலை ஒருத்திக்கு இருக்குமானால், குற்றம் அவள் பெயரிலா இருக்கிறது? முகமூடி விழாவிலே அணிந்தால் விளையாட்டு. உயிருக்கு அஞ்சி அணிந்தால் விலங்கு. ஆண் அணிவது முன்னது. பெண்ணை அணியச் சொல்வது பின்னது.

நாம் வேண்டுவது என்ன? கலந்து பேசும் தலைமையை நாம் இகழவில்லை. அதுவே சிறந்தது என்று அந்த அயோவாச் சிறுவர்களே காட்டிவிட்டனர். சிறந்தது என்றால் அதை ஆணுக்கும் கடமையாக்குங்கள். பெண்ணுக்கு மட்டும் அணிகலனாகப் பூட்டாதீர்! நொடியிலே முடிவு செய்ய வேண்டிய இடத்திலே ஆணையிடும் உரிமையைப் பெண்ணுக்கும் விடுங்கள். உரப்பைக் கேட்டு முகம் சுளிக்காதீர்! இழிமொழி பேசியவன் எத்தனை வல்லவனாயினும், அவனை அன்றே வெளியேற்றுவதைத் தலைவர் தம் முதற்கடமையாகக் கொள்ளட்டும். குழுவை வாழவைக்கும் அலுவலரின் பெயர் வெற்றிப் பட்டியலிலே இடம்பெறட்டும். பணிக்கேற்பத் தலைமை கைமாறும் களம் இது என்று புகழ்ந்தார்களே, அந்தக் கைமாற்றத்திலே பெண்ணின் கையும் இருக்கட்டும். ஆண் விலகிய பின் அல்ல, அவன் இருக்கும்போதே!

'தி கில்டு' நாடகத்தின்மீது நமக்கு வெறுப்பில்லை, அன்பு உண்டு. அன்பு உள்ள இடத்திலேதான் குறை சொல்ல மனம் வரும். வாயிலைத் திறந்து காட்டிய எழுத்தாளர் அவர். உள்ளே அழைத்துச் செல்லத் தவறிவிட்டார். கோடெக்ஸ் வெல்கிறாள், நாம் மகிழ்கிறோம். ஆயினும் அவள் தன் அச்சத்தை மட்டுமே வென்றாள்; அச்சத்தை விதைத்தவர்கள் அடுத்த ஆட்டத்திலும் ஒலிவாங்கியோடு காத்திருக்கின்றனர். இனி எழுதப்போகிறவர் அவர்களையும் அரங்கிற்குக் கொண்டுவரட்டும். ஒரு பெண் குரல் எழுந்ததும் நாற்பது பேரிடையே எவன் சிரித்தான், எவன் சீறினான், எவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதைக் காட்டட்டும்.

பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவனே பெரும்பாலோன். அவன் வாய் திறக்கும் நாளிலேதான், முகம் காணாத அந்த நாட்டிலும் சமத்துவம் தலை நிமிரும்.